மலையிறங்கும் சைக்கிளும் எமது மணல் ஒழுங்கைகளும்

சைக்கிள் என்றதும் எமது கரையோர ஊர்களில் நினைவுக்கு வருவது பின்னால் பெட்டி கட்டிய மீன் வியாபாரியும், ரியூசன் வகுப்புக்குப் போகும் ஆண் பிள்ளைகளும்தான். அதே சைக்கிளில் ஏறி, மலை உச்சியிலிருந்து கல்லும் மரவேரும் நிறைந்த பாதையில் வேகமாக இறங்கி வரும் விளையாட்டொன்று உலகில் உண்டு. ஒரு காலத்தில் ஆண்களுக்கே உரியது என்று கருதப்பட்ட அந்த விளையாட்டில் இன்று பெண்களும் இளம் பிள்ளைகளும் கூடுதலாகச் சேர்ந்து வருகிறார்கள்.

கல்முனையில் மலை எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பார்த்தாலும் மணலும் வயலும்தான். ஆயினும் அந்தப் பெண்கள் எப்படி மலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதில், மணல் ஒழுங்கையில் வாழும் எமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

மலையிலிருந்து இறங்கிய பெண்கள்

இந்த விளையாட்டு 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தது. சில இளைஞர்கள் பழைய பாரமான சைக்கிள்களைத் திருத்தி எடுத்துக்கொண்டு மலைப்பாதை ஒன்றில் யார் முதலில் இறங்குவது என்று போட்டி வைத்தார்கள். 1976இல் தொடங்கிய அந்தப் போட்டிக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒருமுறை இறங்கி முடிந்ததும் பின்சில்லின் பிறேக் சூடேறி உள்ளே இருந்த கிறீஸ் எரிந்துபோகும். கழற்றித் திரும்பவும் கிறீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர் அது. அந்தக் கூட்டத்தில் இருந்த மிகச் சில பெண்களுள் ஒருவர் வெண்டி கிராக். அவர் சைக்கிளும் ஓட்டினார், புகைப்படமும் எடுத்தார்.

1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் முதலாவது மலைச் சைக்கிள் உலகப் போட்டி நடந்தபோது, மலையிறக்கத்தில் பெண்களுக்கெனத் தனிப் போட்டியும் வைக்கப்பட்டது. அதன் பின் பிரான்ஸ் நாட்டின் ஆன்-கரோலின் ஷோஸோன் என்ற பெண் 1996 முதல் 2005 வரையான காலத்தில் 9 தடவைகள் உலக வெற்றியாளரானார். ஆனாலும் எல்லாக் கதவுகளும் ஒரே நாளில் திறக்கவில்லை. அமெரிக்காவின் யூட்டா பாலைநிலக் குன்றுகளில் 2001இல் தொடங்கிய 'ரெட்புல் ராம்பேஜ்' என்ற மிகக் கடினமான போட்டியில் பெண்கள் முதன்முதலாகப் பங்குபற்றியது 2024இல்தான். நியூசிலாந்தைச் சேர்ந்த ரொபின் கூம்ஸ் அதில் முதலிடம் பெற்றார்.

இவர்கள் கற்கும் பாடங்கள் மலைக்கு மட்டும் உரியவையல்ல. கண் போகும் பக்கம்தான் வண்டி போகும். ஆகவே விழுந்துவிடுவோமோ என்று பள்ளத்தைப் பார்க்காமல், போக வேண்டிய பாதையைப் பார்க்க வேண்டும். இறக்கத்தில் முன் பிறேக்கை மட்டும் திடீரென இறுக்கினால் தலைகுப்புற விழ நேரிடும். இரண்டையும் சிறிது சிறிதாகப் பிடித்து, உடலைப் பின்னால் சாய்க்க வேண்டும். திருப்பத்துக்கு உள்ளே போன பிறகல்ல, அதற்கு முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் ஏறவே கூடாது. விழுவதும் எழுவதும் பயிற்சியின் ஒரு பகுதி என்றே சொல்லிக் கொடுக்கிறார்கள். உடலில் துணிவு வளர்வது இப்படித்தான்.

எமது ஊர்களில் நிலைமை

எமது ஊர்களிலும் சிறு பெண் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஒழுங்கையில் தம்பியை கரியரில் ஏற்றிக்கொண்டு ஓட்டும் 8 வயதுப் பிள்ளையை நான் தினமும் காண்கிறேன். ஆனால் பல வீடுகளில் அவள் பெரியபிள்ளையானதும் சைக்கிள் தம்பிக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு பாடசாலைக்கும் வகுப்புக்கும் வாப்பாவோ காக்காவோ ஏற்றி இறக்க வேண்டும். ஏற்றி இறக்க வாப்பா இல்லாத வீட்டில் என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களில் மிகவும் கனமானது. 2009இல் யுத்தம் முடிந்தது. ஆனால் கணவனை, தந்தையை, மகனை இழந்து பெண்ணே தலைமை தாங்கும் குடும்பங்கள், தமிழ்க் கிராமங்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் இன்றும் அதே நிலையில்தான் இருக்கின்றன. எமது மகளிர் குழு ஒன்றில் இருக்கும் ஒரு ராத்தா அதிகாலையில் எழுந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். கொண்டுபோய்க் கொடுப்பது முச்சக்கர வண்டியில். அவர் உழைப்பில் ஒரு பங்கு அந்தக் கூலிக்கே போகிறது. அவருடைய முற்றத்தில் ஒரு சைக்கிள் நிற்கிறது. சிறு வயதில் நன்றாக ஓட்டியவர்தான். ஏன் இப்போது ஓட்டுவதில்லை என்று கேட்டேன். தான் ஒருத்தி மட்டும் ஓட்டினால் ஊர் பேசும், இன்னும் நாலைந்து பேர் வந்தால் தானும் வருவதாகச் சொன்னார்.

கற்காத திறமைக்கு நாம் கொடுத்த விலையையும் மறக்கலாகாது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறு ஆண்டு மார்ச்சில் ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, சுனாமியில் பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள் என்று காட்டியது. தமிழ்நாட்டின் கடலூரில் 146 ஆண்கள் இறந்தபோது பெண்கள் 391 பேர். இலங்கையில் நீந்தவும் மரம் ஏறவும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே பழக்கியிருந்ததும் ஒரு காரணம் என்று அவ்வறிக்கை கூறியது. பிள்ளையின் உடலுக்கு எதைப் பழக்குகிறோம் என்பது விளையாட்டு விடயம் மட்டுமல்ல.

புதுக்கோட்டை காட்டிய வழி

அந்த ராத்தா சொன்ன "நாலைந்து பேர்" எப்படி வருவார்கள்? இதற்குப் பதில் கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. 1991ஆம் ஆண்டில் அங்கே எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண் அதிகாரி. தூரக் கிராமங்களுக்குப் போய்ப் படிப்பிக்க வேண்டிய பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தே நேரத்தை இழந்தார்கள். எனவே எழுத்துப் படிப்பதோடு சைக்கிள் பழகுவதும் இயக்கத்தின் ஒரு பாடமாக்கப்பட்டது. சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் ஒழுங்கு செய்யப்பட்டது. சைக்கிள் பழகுவதைப் பற்றிப் பாட்டுக் கட்டிக் கிராமம் கிராமமாகப் பாடினார்கள்.

பழகிய பெண்கள் அடுத்த பெண்களுக்குப் பழக்கினார்கள். விவசாயக் கூலிப் பெண்கள், கல்லுடைக்கும் பெண்கள், ஆசிரியைகள், முஸ்லிம் பெண்கள் என எல்லோரும் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பட்டபோது ஆண்களின் சைக்கிளையே எடுத்தார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை இருத்தலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். பொது இடங்களில் நடந்த சைக்கிள் நிகழ்வுகளில் 70,000 இற்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டார்கள். ஒன்றரை ஆண்டில் சைக்கிள் பழகியவர்கள் 1 இலட்சத்துக்கும் அதிகம் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார்.

தொடக்கத்தில் அங்கும் கேலி இருந்தது. கெட்ட பேச்சு இருந்தது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி ஓட்டத் தொடங்கியதும் கேலி செய்ய ஆள் குறைந்தது. தண்ணீர் எடுக்கவும், விளைபொருளைப் பக்கத்து ஊரில் விற்கவும், பிள்ளையைப் பாடசாலையில் விடவும் யாருடைய கையையும் எதிர்பார்க்கும் தேவை இல்லாமற் போனது. மிச்சமான நேரம் வருமானமாகவும் ஓய்வாகவும் மாறியது.

இதே உண்மையை ஆய்வும் உறுதிப்படுத்தியிருக்கிறது. இந்தியாவின் பீகார் மாநிலத்தில் 2006 முதல் 9ஆம் வகுப்புக்குச் செல்லும் மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கப்பட்டது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, உரிய வயதில் இடைநிலைக் கல்விக்குச் செல்லும் மாணவிகளின் தொகை 32 சதவீதத்தால் கூடியிருந்தது. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இடையில் இருந்த இடைவெளி 40 சதவீதத்தால் குறைந்திருந்தது. ஒருத்திக்கு மட்டுமல்லாமல், வகுப்பிலுள்ள மாணவிகள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் கிடைத்ததால் அவர்கள் கூட்டமாகப் போனார்கள். கூட்டமாகப் போகும்போது பாதுகாப்பும் கூடுகிறது. ஊர்ப் பேச்சும் அடங்குகிறது.

ஆப்கான் சகோதரிகள்

யுத்தம் நடந்த நாடு, முஸ்லிம் சமூகம் என்று பார்த்தால் ஆப்கானிஸ்தானின் பரீபா ஹாஷிமி, யுல்டுஸ் ஹாஷிமி ஆகிய இரு சகோதரிகளின் கதை எமக்கு நெருக்கமானது. பர்யாப் மாகாணத்தில் பிறந்த இவர்கள் தமது முதற் போட்டியில் ஓடியது இரவல் சைக்கிளில். யாரும் அடையாளம் காணாதபடி பெயரை மாற்றி, தொளதொளத்த உடை உடுத்துப் போனார்கள். 2021இல் ஆட்சி மாறியபோது நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. 2022 ஒக்டோபரில் சுவிட்சர்லாந்தில் ஆப்கான் பெண்களுக்கான தேசியப் போட்டி நடத்தப்பட்டது. பரீபா முதலாவதாகவும் யுல்டுஸ் இரண்டாவதாகவும் வந்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இருவரும் தமது நாட்டுக்காக ஓடினார்கள்.

தமது நாட்டுப் பெண்களுக்கு இன்று விளையாடவே தடை இருக்கும்போது அவர்கள் ஓடினார்கள். எமக்கு அப்படிச் சட்டத் தடை எதுவும் இல்லை. இருப்பது வழக்கமும் தயக்கமும்தான். மார்க்கத்தைக் காரணம் காட்டுவோரும் உண்டு. ஒட்டகம் ஏறும் பெண்களுள் சிறந்தவர்கள் குறைஷிப் பெண்கள் என்று நபிமொழியே கூறுவதை அவர்களுக்கு நினைவூட்டலாம். இந்தத் தயக்கம் எமக்கு மட்டும் உரியதுமல்ல. 1890களில் சைக்கிள் ஓட்டும் பெண்களின் முகம் கோணிப்போகும் என்று ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவர் சிலரே பயமுறுத்தினார்கள். முகம் எதுவும் கோணவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், தனியாகத் தொடங்க வேண்டாம். மாதர் சங்கத்திலோ சேமிப்புக் குழுவிலோ ஐந்து பேராவது சேருங்கள். மதில் உள்ள பாடசாலை மைதானத்தை விடுமுறை நாட்களில் பெண்களுக்கு மட்டும் இரண்டு மணிநேரம் தரும்படி அதிபரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். ஓட்டத் தெரிந்தவரே ஆசிரியை. அயலில் உள்ள தமிழ்க் கிராமங்களில் பெண்கள் இயல்பாகவே சைக்கிளில் பாடசாலைக்கும் வேலைக்கும் போகிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்தால் சைக்கிளோடு உறவும் திரும்பி வரும்.

முதல் நாளில் மிதிக்க வேண்டாம். சீற்றைப் பதித்து, இரு கால்களாலும் நிலத்தை உந்தி உந்திச் சமநிலை பழகினால், மிதிப்பது பின்னர் இலகுவாகும். அபாயாவின் கீழ்ப்பகுதி செயினிலும் சில்லிலும் சிக்கும் அபாயம் உண்டு. ஆகவே செயின் மூடியும் பின்சில்லுக்கு வலையும் கட்டாயம் பூட்ட வேண்டும். உள்ளே சல்வார் அணிந்து, மேலாடையைச் சற்றுக் குட்டையாகத் தைத்துக்கொள்ளலாம். பஸ்ஸும் லொறியும் ஓடும் பிரதான வீதிக்கு அவசரப்பட்டு ஏற வேண்டாம். உள் ஒழுங்கைகளில் கை நன்றாகப் பழகட்டும்.

சைக்கிள் வாங்கப் பணம் இல்லையா? நகைக்கும் பாத்திரத்துக்கும் சீட்டுப் போடுகிறோம். பத்துப் பேர் சைக்கிளுக்கென்று ஒரு சீட்டுப் போட்டால் பத்து மாதத்தில் பத்து வீட்டில் சைக்கிள் நிற்கும். ரியூபுக்கு ஒட்டுப் போடவும் பிறேக் இறுக்கவும் கற்றுக்கொண்டால் அதுவும் ஒரு தொழில். 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, சைக்கிள் வைத்திருந்தவர்கள் வரிசையில் நிற்கவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். மகள் பெரியபிள்ளையானதும் சைக்கிளை அவளிடமிருந்து வாங்கி விடாதீர்கள். அவளுடைய கூட்டாளிகளின் உம்மாமாரோடு பேசுங்கள். நான்கு பிள்ளைகள் ஒன்றாகப் போகும் ஓர் ஏற்பாட்டைச் செய்துகொடுங்கள். நாளை அவள் மலையிறங்கும் வீராங்கனையாக வராவிட்டாலும், பரீட்சைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் தன் காலில் போய் வரக்கூடிய பெண்ணாக வருவாள்.

ஒருத்தி ஓட்டினால் அது பேச்சு. நூறு பேர் ஓட்டினால் அது ஊர் வழக்கம். அந்த நூறு பேரில் முதல் ஐந்து பேர் எந்த ஒழுங்கையிலிருந்து வரப்போகிறார்கள் என்பதைச் சகோதரிகளே, நாம் கூடிப் பேசித் தீர்மானிப்போம்.