வெள்ளைக் கல்லில் மீன் ஏன் வெளிறுகிறது?

கடையில் பளிச்சென்று இருந்த மீன், வீட்டுத் தொட்டிக்கு வந்த சில நாள்களில் நிறம் மங்கிப் போவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பார் சிலர். தீனி சரியில்லை என்பார் வேறு சிலர். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மீன் வளர்க்கும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வியும் இதுதான். தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு, நான் திருப்பிக் கேட்பவை இரண்டு: தொட்டியின் அடியில் என்ன போட்டிருக்கிறாய்? மேலே எந்த விளக்கு எரிகிறது?

மீனின் தோலில் மெலனின் என்னும் கருநிறமியைத் தாங்கிய செல்கள் உள்ளன. நிறமித் துகள்கள் செல் முழுவதும் பரவினால் உடல் அடர் நிறமாகும். நடுவில் குவிந்தால் உடல் வெளிறும். மேலிருந்து வரும் ஒளியையும் தரையிலிருந்து திரும்பும் ஒளியையும் மீனின் கண் ஒப்பிடுகிறது. தரை வெண்மையாக இருந்தால் மூளை ஒரு ஹார்மோனைச் சுரந்து நிறமியைக் குவிக்கச் சொல்கிறது. எதிரியின் கண்ணில் படாமலிருக்க இயற்கை தந்த ஏற்பாடு இது. 1983இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோஷி கவாவுச்சியின் குழு, சால்மன் மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்தது. பின்னர் இதே ஹார்மோன் மனித மூளையிலும் இருப்பது தெரியவந்தது. அங்கே அது பசியோடும் உறக்கத்தோடும் தொடர்புடையது.

ஆக, வெள்ளைக் கல்லின் மேல் பளீரென்ற விளக்கைப் போட்டால், மீன் தன் நிறத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் நிறமிச் செல்களின் எண்ணிக்கையே குறையலாம். இதை நான் வீட்டில் சோதித்துப் பார்த்தேன். ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகள், ஒரே தண்ணீர், ஒரே தீனி, ஒரே விளக்கு. ஒன்றில் வெள்ளைக் கூழாங்கல், மற்றதில் கரும்பழுப்பு மணல். இரண்டிலும் ஹார்லிகுவின் ரஸ்போரா. மலேசிய ஓடைகளிலும் வாழும் சிறு மீன் அது. கரும்பழுப்பு மணலில் செம்பு நிறமும் கறுப்பு முக்கோணமும் தெளிவாகத் தெரிந்தன. வெள்ளைக் கல்லில் இருந்தவை வெளிறி, ஒரு மூலையிலேயே ஒதுங்கி நின்றன. தரைகளை மாற்றிப் போட்டபோது நிறமும் மாறியது. அறிவியல் விழாவுக்குக் கண்காட்சி தேடும் மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

அடுத்தது விளக்கு. எல்இடி விளக்கின் பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 3000 என்றால் மஞ்சள் கலந்த ஒளி. 6500 பகல் ஒளிக்கு நெருக்கமானது. 10,000 என்றால் நீலம் கலந்த வெண்மை. மஞ்சள் ஒளியில் செம்பு நிறம் எடுப்பாகத் தெரியும், நீலம் மங்கும். இன்னோர் எண், நிறங்களை உள்ளபடி காட்டும் திறன். அதன் உச்சம் 100. 90க்கு மேல் இருந்தால் சிவப்பு நன்றாகத் தெரியும். நியான் டெட்ராவின் நீலக்கோடு நிறமியால் வருவதன்று. தோலில் உள்ள நுண்படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது. அதனால்தான் விளக்கணைத்த இரவில் அந்தக் கோடு மங்குகிறது. காலையில் திரும்பிவிடும், பயப்பட வேண்டாம்.

நம் ஊர் மீன்களுக்கு எந்தத் தரையும் ஒளியும் பழக்கம்? விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. வட சிலாங்கூரில் ராஜா மூசா, சுங்கை காராங் ஆகிய காப்புக்காடுகளை உள்ளடக்கிய கரிச்சதுப்பு நிலக்காடு உள்ளது. அங்கே இலைச் சருகே தரை. தண்ணீர் கடுந்தேநீர் நிறம். மேலே மரக்கூரை. அந்த மங்கலில்தான் பெட்டா லிவிடா என்னும் சிறு சண்டை மீன் வாழ்கிறது. அடர் சிவப்பு உடல், பக்கவாட்டில் பச்சை நிறப் புள்ளி. 1992இல்தான் அறிவியலாளர்கள் அதற்குப் பெயரிட்டனர். காடு வறண்டு சுருங்குவதால் இன்று அது அழியும் அபாயத்தில் உள்ள மீன். அதைப் பிடித்து வரக்கூடாது. ஆனால் அதன் வாழிடத்திலிருந்து பாடம் கற்கலாம். அடர் நிற மணல், காய்ந்த கெத்தாப்பாங் இலை இரண்டு, சிறிது நிழல் ஆகியவை போதும். ரஸ்போரா போன்ற மீன்கள் ஒளியாமல் நீந்தும்.

மணல் வாங்குமுன் சிறு கணக்குப் போடுங்கள். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலமுள்ள தொட்டியில் சராசரி 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு 9 லிட்டர் மணல் வேண்டும். எடை ஏறக்குறைய 14 கிலோ. முன்புறம் 3, பின்புறம் 7 சென்டிமீட்டர் எனச் சரிவாகப் பரப்பினால் தொட்டி ஆழமாகத் தோன்றும். மணலை நீர் தெளியும் வரை கழுவுங்கள். ஒரு பிடியில் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு. அது நீரின் கடினத்தன்மையைக் கூட்டும், சதுப்பு நில மீன்களுக்கு ஒவ்வாது. கடற்கரை மணலில் உப்பும் சிப்பித்தூளும் இருக்கும், அது வேண்டாம். அடி மேயும் கோரிடோராஸ் மீன்களுக்குக் கூரான கல் ஆகாது, மீசை காயப்படும். விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். அதற்கு மேல் போனால் பாசிதான் செழிக்கும். சன்னல் வெயில் நேராக விழும் இடமும் வேண்டாம்.

நிறம் போய்விட்டது என்று பழைய மீனை ஒதுக்கிவிட்டுப் புதிய மீன் வாங்குவோர் உண்டு. சிலர் வேண்டாத மீனைக் கால்வாயில் விட்டுவிடுகிறார்கள். அப்படிப் போகும் வெளிநாட்டு மீன், நம் ஓடை மீன்களின் உணவையும் இடத்தையும் பறிக்கிறது. சாயம் ஊசியால் ஏற்றப்பட்ட கண்ணாடி மீன்களும் சந்தையில் வந்ததுண்டு; அந்த நிறம் நிலைப்பதில்லை, மீனின் உயிருக்கும் கேடு. அடுத்த முறை மீன் வெளிறினால், பணப்பையைத் திறக்குமுன் மணலை மாற்றி, விளக்கைச் சற்றுக் குறைத்து, 2 வாரம் பொறுத்துப் பாருங்கள். நீங்கள் தேடும் நிறம் பெரும்பாலும் அந்த மீனிடமே இருக்கும்.