மேம்பாலம் போய் ஓடை வந்தது

மேம்பாலம் எழுந்தால்தான் பட்டணம் முன்னேறியதாக எண்ணும் காலம் இது. எழுப்பிய மேம்பாலத்தை இடித்துவிட்டு அவ்விடத்தில் ஓடை நீரை விட்டார்கள் என்றால் நேயர்கள் நம்புவார்களா? தென் கொரியாவின் தலைநகரான ஸியோலில் அப்படித்தான் நடந்தது.

அந்நகரின் நடுவே ஓடிய சொங்கேசொன் என்னும் ஓடை சாக்கடையாகி நாற்றமெடுத்தது. 1958-ல் தொடங்கி அதைக் காங்கிரீட்டால் மூடினார்கள். பிறகு அதன்மேல் மோட்டார்களுக்கென்றே உயரச் சாலை ஒன்றும் அமைத்தார்கள். முப்பது வருஷத்துக்குள் அது பழுதுபட்டது. செப்பனிடுவதா, இடிப்பதா? 2002-ல் மேயரான லீ மியுங் பாக், இடிப்பதென்றே முடிவு செய்தார். போக்குவரத்து ஸ்தம்பித்துவிடும் என்று அஞ்சியவர்கள் பலர். பஸ்களுக்கெனத் தனிப் பாதை வகுத்து ஒருவாறு சமாளித்தார்கள். 2003 ஜூலையில் தொடங்கிய வேலை 2005 அக்டோபரில் முடிந்தது. இன்று சுமார் ஆறு கிலோ மீட்டர் தூரத்துக்குத் தெளிந்த நீர், செடி கொடிகள், நடைபாதை! கோடையில் பக்கத்துத் தெருக்களைவிட அங்கே வெப்பமும் குறைவு.

அந்நீர் ஊற்று நீர் அன்று. பெரும்பாலும் ஹான் நதியிலிருந்து பம்பு வைத்து இறைப்பது. அதை நாம் குறையாகக் கருதவில்லை. மனத்தை உறுத்துவது வேறு. அங்கே சாலையோரத்தில் கடை பரப்பிப் பிழைத்தவர்களில் பலரைப் பழைய விளையாட்டு மைதானம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். சில வருஷங்களில் அம்மைதானத்தையும் இடிக்கவே, அவர்கள் மறுபடி மூட்டை கட்ட நேர்ந்தது. ஓடைக்கு இடம் கண்டவர்கள், அதன் கரையில் இவர்களுக்கும் நாலு முழம் ஒதுக்கியிருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது.