நாள்களைக் கேட்கும் மலை

தான்சானியாவின் வடகிழக்கில், நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை தெற்கே, ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள சமவெளியிலிருந்து தன்னந்தனியாக எழுந்து நிற்கும் கிளிமஞ்சாரோ, 5,895 மீட்டர் உயரத்தோடு ஆப்பிரிக்கக் கண்டத்தின் மிக உயர்ந்த மலையாக விளங்குகிறது. ஷிரா, மாவென்சி, கிபோ என்னும் மூன்று எரிமலைக் கூம்புகள் இணைந்து உருவான இம்மலையில், மிகப் பழையதான ஷிரா இடிந்து மேட்டுநிலமாகிவிட்டது. மாவென்சி அரிப்புண்டு கூரிய பாறை முகடுகளாக எஞ்சியிருக்கிறது. நடுவிலுள்ள கிபோ மட்டுமே தன் வட்டவடிவ எரிமலைவாயையும் உச்சிப் பனியையும் இன்னும் தாங்கி நிற்கிறது. கயிறு, பனிக்கோடரி முதலிய கருவிகள் ஏதுமின்றி நடந்தே உச்சியை அடைந்துவிடலாம் என்பதால், நல்ல உடற்கட்டுள்ள எவரும் சில நாள் விடுப்பில் முடித்துவிடக்கூடிய மலை என்ற எண்ணம் பரவலாக நிலவுகிறது. ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கானோர் ஏறும் இம்மலையில் தலைவலியோடும் வாந்தியோடும் பாதி வழியில் திரும்புவோரில் ஓட்டப் பயிற்சி பெற்ற இளைஞர்களும் இருப்பதற்கு இந்த எண்ணமே பெரிதும் காரணம். கிளிமஞ்சாரோ ஏறுபவரின் தசை வலிமையைவிட அவர் ஒதுக்கும் நாள்களையே மிகுதியாகக் கேட்கிறது.

இவ்வுண்மை முதல் ஏற்றத்திலேயே வெளிப்பட்டுவிட்டது. 1848ஆம் ஆண்டு யோகானஸ் ரெப்மான் என்னும் ஜெர்மானிய மதபோதகர் இம்மலையின் வெண்முடியைக் கண்டு எழுதியபோது, நிலநடுக்கோட்டருகே பனி இருக்க இயலாது என்று இலண்டனின் புவியியலாளர் சிலர் அதை ஏற்க மறுத்தனர். பின்னர் ஹான்ஸ் மேயர் என்னும் ஜெர்மானியப் புவியியலாளர் 1887இல் கிபோவின் பனி விளிம்பு வரை சென்று, போதிய கருவிகள் இல்லாமையால் திரும்பினார். 1889இல் ஆஸ்திரிய மலையேறி லுட்விக் புர்ட்ஷெல்லரோடு மீண்டும் வந்த அவர், மலைச்சரிவில் வெவ்வேறு உயரங்களில் முகாம்கள் அமைத்து, கீழிருந்து உணவும் விறகும் தொடர்ந்து மேலே வந்து சேர ஏற்பாடு செய்தார். ஒருமுறை முயன்று இயலாமற்போனால் அடிவாரம் வரை இறங்காமல், மேல் முகாமிலேயே தங்கி மறுபடி முயல்வதற்கான கால அவகாசத்தை அந்த ஏற்பாடு அவருக்குத் தந்தது. அவ்வாண்டு அக்டோபர் 6ஆம் நாள் இருவரும் உச்சியை அடைந்தனர். அந்த அவகாசத்தைச் சாத்தியமாக்கியவர்கள் சுமை சுமந்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள். அவர்களுள் பங்கானியைச் சேர்ந்த முவினி அமானி என்பவர் குளிர் மிகுந்த மேல் முகாமில் தங்கித் துணைநின்றார். தென்சரிவில் வாழும் சாகா இனத்தவரான யோஹானி கின்யாலா லாவுவோ, அப்பயணத்துக்கு வழிகாட்டியவராகத் தான்சானியாவில் இன்றும் போற்றப்படுகிறார். முதல் ஏற்றத்தின் வரலாற்றில் இரண்டு ஐரோப்பியப் பெயர்கள் மட்டுமே நெடுங்காலம் ஒலித்து வந்தது நேர்மையான நிலை அன்று.

இன்று இம்மலை தேசியப் பூங்காவாகவும், 1987 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாகவும் பாதுகாக்கப்படுகிறது. உரிமம் பெற்ற வழிகாட்டி இன்றி எவரும் ஏற அனுமதியில்லை. மரங்கு, மச்சாமே, லெமோஷோ, ரொங்காய், உம்ப்வே முதலிய பாதைகளுள் மரங்குப் பாதையில் மட்டும் படுக்கைகளோடு கூடிய மரக்குடில்கள் உள்ளன. ஏனையவற்றில் கூடாரங்களில்தான் தங்கவேண்டும். தெற்கிலிருந்து தொடங்கும் மச்சாமே பாதையை ஆறு நாள்களிலும் ஏழு நாள்களிலும் முடிக்கும் இருவகைத் திட்டங்கள் வழக்கில் இருப்பதால், ஒரு நாள் கூடுவதால் என்ன விளைகிறது என்பதைக் காண இப்பாதை நல்ல சான்றாகும்.

வாழையும் காப்பியும் ஊடுபயிராக வளரும் சாகா மக்களின் தோட்டங்களைக் கடந்து, ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலுள்ள பூங்கா வாயிலில் நடை தொடங்குகிறது. முதல் நாள் முழுவதும் ஈரம் சொட்டும் மழைக்காட்டினூடே ஏறி, காடு முடியும் இடமான 3,000 மீட்டர் உயரத்தில் முகாமிட்டு, மறுநாள் மரம்போல் உயர்ந்த எரிக்காச் செடிகளின் கிளைகளில் பாசிக்கற்றைகள் தாடிபோல் தொங்கும் புதர்வெளியைக் கடந்தால், 3,840 மீட்டர் உயரத்தில் ஷிரா மேட்டுநிலம் விரிகிறது. அதற்கு மேலே பராங்கோ பள்ளத்தாக்கில், இம்மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத மரச் செனீசியோ இனம் ஒன்று நிற்கிறது. ஆளுயரத்துக்கும் மேலாக வளரும் இச்செடி, காய்ந்த இலைகளை உதிர்க்காமல் தண்டைச் சுற்றியே வைத்துக்கொள்வதால் இரவின் உறைகுளிர் உட்புகாமல் தடுக்கப்படுகிறது. அருகில் வளரும் பெரும் லொபீலியாவோ, மாலையானதும் இலைகளை உட்புறம் குவித்து நடுமொட்டை மூடிக்கொள்கிறது. பகலில் சுட்டெரிக்கும் வெயிலும் இரவில் நீர் உறையும் குளிரும் ஆண்டு முழுவதும் மாறிமாறி வரும் நிலத்தில், அவை இவ்வாறே உயிர் வாழக் கற்றிருக்கின்றன.

மூன்றாம் நாள் நடைதான் இப்பாதையின் மிகச் சிறந்த பகுதி எனலாம். ஷிராவிலிருந்து புறப்படுவோர், எரிமலைக் குழம்பு இறுகி உண்டான லாவா டவர் என்னும் பாறைத்தூண் வரை, ஏறத்தாழ 4,600 மீட்டர் உயரத்துக்கு ஏறி, அங்கே மதிய உணவு உண்டு, மீண்டும் 3,960 மீட்டரிலுள்ள பராங்கோ முகாமுக்கு இறங்கிவிடுகின்றனர். நாள் முழுவதும் நடந்தும் முந்தைய இரவைவிட நூற்றிருபது மீட்டர் உயரம்தான் கூடியிருக்கிறது என்பது புதியவர்க்கு வீண் உழைப்பாகத் தோன்றும். உயரத்தில் நடந்து தாழ்வில் உறங்குதல் என்பது மலையேற்றத்தின் நெடுநாள் வழக்கம். அதன் காரணம் உடலியங்கியலில் உள்ளது.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையிலும் மலையுச்சியிலும் ஒன்றேதான். ஏறத்தாழ 21 விழுக்காடு. மாறுவது காற்றழுத்தம். கிளிமஞ்சாரோவின் உச்சியில் அது கடல்மட்ட அளவில் பாதியாகக் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிட்டும் ஆக்சிஜனும் பாதியாகிறது. இதை உணரும் உடல் முதலில் மூச்சின் வேகத்தைக் கூட்டுகிறது. அதனால் கரியமில வாயு மிகுதியாக வெளியேறி இரத்தம் காரத்தன்மை அடைய, மூளை அதை எச்சரிக்கையாகக் கொண்டு மூச்சை மீண்டும் அடக்குகிறது. உறக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று, பின் திணறலோடு தொடங்கி, கூடாரத்தில் இருப்பவரைத் திடுக்கிட்டு எழச்செய்வதற்கு இந்த இழுபறியே காரணம். சிறுநீரகங்கள் பைகார்பனேட் என்னும் காரப்பொருளைச் சிறுநீரில் வெளியேற்றிச் சமநிலையை மீட்ட பின்னரே வேகமான மூச்சு தடையின்றி நீடிக்க முடியும். சிறுநீரகங்களின் இவ்வேலை நாள்கணக்கில் நிகழ்வது. உடற்பயிற்சியால் அதை விரைவுபடுத்த இயலாது. புதிய சிவப்பணுக்கள் போதிய அளவில் பெருக வாரங்கள் ஆகும் என்பதால், ஒரு வார ஏற்றத்தில் அவற்றை நம்பியிருப்பதில் பொருளில்லை. அசிட்டசோலமைடு என்னும் மாத்திரை, பைகார்பனேட் வெளியேற்றத்தை முன்கூட்டியே தூண்டி, உடல் உயரத்துக்கு இணங்க உதவுகிறது. மருத்துவரைக் கேட்டே அதை உட்கொள்ளவேண்டும்.

இணக்கம் நிகழுமுன் மேலேறினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, தள்ளாமை ஆகியவற்றோடு உயர்மலை நோய் தொடங்குகிறது. அது முற்றி மூளையில் நீர்க்கோத்தால் நடை தடுமாறிப் பேச்சு குழறும். நுரையீரலில் நீர்க்கோத்தால் ஓய்வாக அமர்ந்திருக்கும்போதும் மூச்சுத்திணறும். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை. உடனே கீழிறங்குவதே முதன்மையான மருந்து. வழிகாட்டிகள் காலையும் மாலையும் விரலில் சிறு கருவியைப் பொருத்தி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்ப்பதும், உணவுக் கூடாரத்தில் யார் தட்டில் சோறு மிஞ்சுகிறது என்று கவனிப்பதும், ‘போலே போலே’, அதாவது மெல்ல மெல்ல, என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவதும் இதன்பொருட்டே. நடக்க இயலாதவரை இறக்க, ஒற்றைச் சக்கரம் பொருத்திய தூக்குப்படுக்கைகள் மலையில் வைக்கப்பட்டுள்ளன.

3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை இரவொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது மருத்துவர்களின் பொது வழிகாட்டுதல். ஏழு நாள் திட்டமும் இதை முழுமையாகப் பின்பற்றுவதில்லை; இரண்டாம் இரவிலேயே 840 மீட்டர் கூடிவிடுகிறது. ஆயினும் பராங்கோவுக்குப் பின் கரங்கா முகாமில், ஏறத்தாழ 4,000 மீட்டரில், ஓர் இரவைக் கழிப்பதன் மூலம் உடலுக்கு மூச்சுவிட இடம் தருகிறது. ஆறு நாள் திட்டமோ அந்த இரவை நீக்கிவிட்டு, பராங்கோவிலிருந்து 4,670 மீட்டரிலுள்ள பராஃபு முகாமுக்கு ஒரே நாளில் ஏற்றி, அன்று நள்ளிரவே உச்சிக்குப் புறப்படச் செய்கிறது. பூங்காக் கட்டணம் நாள்கணக்கில் வசூலிக்கப்படுவதும், ஆள்கூலியும் உணவும் நாளுக்கு நாள் கூடுவதும்தான் இச்சுருக்கத்தின் பின்னணி. மலிவான பயணம் என்று விளம்பரப்படுத்தப்படுவது பெரும்பாலும் இந்த ஓர் இரவைத்தான் விழுங்கியிருக்கிறது.

விலைக்குறைப்பு விழுங்கும் மற்றொன்று தொழிலாளரின் கூலி. மலையேறி ஒருவருக்கு மூன்று அல்லது நான்கு பணியாளர்கள் வீதம் வழிகாட்டிகள், சமையற்காரர், போர்ட்டர்கள் எனப் பெரிய குழுவே உடன்செல்கிறது. கூடாரங்கள், எரிவாயு உருளை, மேசை நாற்காலி, ஒரு வாரத்துக்கான காய்கறி எல்லாம் போர்ட்டர்களின் தலையிலும் தோளிலும்தான் ஏறுகின்றன. பராங்கோ முகாமை அடுத்து ஏறத்தாழ 250 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் பாறைச்சுவரில், பயணிகள் இரு கைகளாலும் பாறையைக் கட்டியணைத்து அடிமேல் அடிவைத்து நகரும் குறுகிய விளிம்பை, போர்ட்டர்கள் தலைச்சுமையோடு கடந்து முன்னே சென்றுவிடுகின்றனர். கரங்கா ஓடைக்குப் பிறகு பாதையில் நீரில்லை. ஆகவே பராஃபு முகாமில் பயணிகள் பருகும் தேநீருக்கும் முகம் கழுவும் வெந்நீருக்கும் வேண்டிய தண்ணீரைக் கரங்காவிலிருந்து கேன்களில் நிரப்பி, ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்துக்கு யாரோ ஒருவர் சுமந்து வந்திருக்கிறார். அங்கே சூடான தேநீர்க் குவளையைக் கையிலேந்தும் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்கவேண்டும்.

போர்ட்டர் ஒருவர் குழுவுக்காகச் சுமக்கும் எடைக்குப் பூங்கா நிர்வாகம் 20 கிலோ என வரம்பு விதித்து, வாயிலில் தராசிட்டு நிறுத்துகிறது. ஆனால் நியாயமான கூலி, மூன்று வேளை உணவு, காற்றையும் குளிரையும் தாங்கும் கூடாரம் ஆகியவற்றைத் தராசு காட்டாது. இவற்றைக் கண்காணிக்க 2003இல் மோஷி நகரில் தொடங்கப்பட்ட கிளிமஞ்சாரோ போர்ட்டர்கள் உதவித் திட்டம், குளிராடையும் காலணியும் இல்லாத போர்ட்டர்களுக்கு அவற்றை இரவலாகக் கொடுத்து வருவதோடு, விதிகளைக் கடைப்பிடிக்கும் நிறுவனங்களையும் அடையாளம் காட்டுகிறது. பயணத்தைப் பதிவு செய்யுமுன், உச்சியை அடைந்தோர் எத்தனை விழுக்காடு என்று கேட்பவர்கள், போர்ட்டருக்கு நாளொன்றுக்கு என்ன கூலி, அவர் எங்கே உறங்குகிறார் என்பதையும் கேட்பது கடமையாகும்.

உச்சி ஏற்றம் நள்ளிரவில் தொடங்குகிறது. பகலில் கால் வைத்தால் சரியும் எரிமலைச் சரளை இரவுக்குளிரில் இறுகிக் கிடப்பதும், மதியத்துக்கு முன் மேகம் சூழாதிருப்பதும் அதற்குக் காரணங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து பாகை இறங்கும் குளிரில் தண்ணீர்ப் பையின் உறிஞ்சுகுழாய் உறைந்து அடைத்துக்கொள்ளும் என்பதால், பனிக்கட்டி மேற்புறத்திலேயே முதலில் உருவாகும் இயல்பை அறிந்தவர்கள் புட்டியைத் தலைகீழாகப் பையில் வைக்கின்றனர். ஆறேழு மணி நேர ஏற்றத்துக்குப் பின் 5,756 மீட்டரில் எரிமலைவாயின் விளிம்பான ஸ்டெல்லா முனை வருகிறது. அங்கிருந்து விளிம்பின் மேலாக மேலும் ஒரு மணி நேரம் நடந்தால் உஹுரு உச்சி. சுவாஹிலியில் விடுதலை எனப் பொருள்படும் இப்பெயர், ஜெர்மானியப் பேரரசரின் பெயரைத் தாங்கியிருந்த இம்முனைக்கு, இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதியான தாங்கானிக்காவின் விடுதலையை ஒட்டிச் சூட்டப்பட்டது. 1961 டிசம்பரில் அவ்விடுதலையின்போது இராணுவ அதிகாரி அலெக்சாண்டர் நியிரெண்டா புதிய நாட்டின் கொடியையும் தீப்பந்தத்தையும் அங்கே நாட்டினார்.

உச்சிக்குச் செல்லும் விளிம்புவழியில் பனிச்சுவர்களைக் காணலாம். இம்மலையின் பனிப்பரப்பு 1912ஆம் ஆண்டு அளவீட்டோடு ஒப்பிட 85 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்துவிட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவின் காற்றில் ஈரம் குறைந்து புதுப்பனி போதிய அளவு பொழியாமற்போனதும், வெயிலில் பனி உருகாமலே நேரடியாக ஆவியாவதும் இதற்கு முக்கியமான காரணங்கள் என்று அறிவியலாளர் பலர் கருதுகின்றனர்.

உச்சியில் அரைமணி நேரத்துக்கு மேல் எவரையும் வழிகாட்டிகள் நிற்கவிடுவதில்லை. அன்றே பராஃபு வழியாக 3,100 மீட்டரிலுள்ள முவேகா முகாம் வரை, ஒரே நாளில் 2,800 மீட்டர் இறங்கவேண்டியிருப்பதால், ஏறும்போது நுரையீரல் பட்ட பாட்டை இறங்கும்போது முழங்கால்கள் படுகின்றன. விபத்துகளும் சறுக்கல்களும் களைப்பு மிகுந்த இந்த இறக்கத்தில் நேர்வதுண்டு. ஊன்றுகோல்களை வாங்கி வந்தோர் அவற்றின் பயனை இங்கேதான் முழுமையாக உணர்கின்றனர். மறுநாள் காட்டுப்பாதை முடியும் முவேகா வாயிலில் ஏறியவர்களுக்குச் சான்றிதழும் பணியாளர்களுக்கு அன்பளிப்புத் தொகையும் வழங்கப்படுகின்றன. அத்தொகையை உறையிலிட்டுத் தலைமை வழிகாட்டியிடம் மட்டும் ஒப்படைக்காமல், போர்ட்டர், சமையற்காரர், உதவி வழிகாட்டி ஆகியோர் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று எழுதி, அனைவரும் கூடியிருக்கையில் உரக்கப் படித்துக் கொடுப்பதே முறை.