கொல்லைப்புறத்தில் ஒரு சிவப்புத் தலை

எங்கள் நியூ ஜெர்சி வீட்டுக் கொல்லைப்புறத்தில் சூரியகாந்தி விதை போடும் ஃபீடர் ஒன்று தொங்குகிறது. அங்கே வந்த ஒரு விருந்தாளியைப் பற்றி வீட்டில் ஒரு வாரம் பஞ்சாயத்து. சிட்டுக்குருவி அளவுதான், பழுப்பு உடம்பு. தலையிலும் நெஞ்சிலும் மட்டும் குங்குமம் பூசிய மாதிரி சிவப்பு. "குருவிதாம்ப்பா, ஹோலி விளையாடிட்டு வந்திருக்கு" என்றாள் மகள்.

உங்கள் வீட்டுக்கும் இப்படிப் பெயர் தெரியாத குட்டிப் பறவை வரலாம். நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். வெளிச்சம் மாறினால் நிறமும் மாறித் தெரியும். பல பறவைகளில் ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு வேறு. முதலில் அளவு, அடுத்து அலகு. கூம்பு மாதிரி தடித்த அலகு என்றால் விதை உடைக்கிற கூட்டம். ஊசி மாதிரி மெல்லியது என்றால் பெரும்பாலும் பூச்சி தின்கிற கூட்டம். பிறகு, தரையில் பொறுக்குகிறதா, மரத்தண்டில் ஏறுகிறதா, ஃபீடரிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறதா என்று கவனியுங்கள். பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

எங்கள் ஆளுக்குத் தடித்த அலகு. ஃபீடரை விட்டு நகரவே மாட்டார். வயிற்றின் இரு பக்கமும் பழுப்புக் கோடுகள். ஆண் சிட்டுக்குருவிக்கு அந்தக் கோடு கிடையாது, தொண்டையில் கறுப்புத் திட்டு இருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் இலவச ஆப் 'மெர்லின்' எங்கே, எப்போது, என்ன அளவு, என்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று ஐந்து கேள்வி கேட்டுவிட்டு ஒரு பட்டியல் தரும். அதில் முதலில் நின்றது ஹவுஸ் ஃபிஞ்ச். ஆப் சொன்னதோடு விடக் கூடாது. இதேபோல இருக்கும் பர்ப்பிள் ஃபிஞ்ச் ஆணுக்கு விலாவில் அந்தப் பழுப்புக் கோடுகள் இருக்காது; பெண்ணுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். எங்கள் ஆளோடு வந்த அம்மணி முகத்தில் அப்படி எதுவும் இல்லை. ஹவுஸ் ஃபிஞ்ச்தான், சந்தேகமே இல்லை.

அந்தச் சிவப்புகூடச் சாப்பாட்டிலிருந்து வருவதுதான். தின்னும் பழம், விதையில் உள்ள நிறமிகளைப் பொறுத்துச் சில ஆண்கள் ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோகூட இருக்கும்.

இது இந்தப் பக்கத்துப் பறவையே இல்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியும் மெக்சிகோவும்தான் சொந்த ஊர். 'ஹாலிவுட் ஃபிஞ்ச்' என்று பெயர் வைத்து நியூயார்க்கில் கூண்டில் விற்றார்கள். அது சட்ட விரோதம். 1940 வாக்கில், வழக்குக்குப் பயந்த வியாபாரிகள் லாங் ஐலண்டில் பறக்கவிட்டார்கள். அந்தச் சிறு கூட்டம்தான் பெருகிக் கிழக்குப் பகுதி முழுக்கப் பரவியது.

ஊரிலிருந்து வீடியோ காலில் பார்த்த என் அம்மாவுக்கு இந்தக் கதையெல்லாம் பெரிதாகப் படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொன்றைக் காட்டி, "இது நம்ம வீட்டுக் குருவியாச்சே, அங்க எப்படிடா வந்துச்சு?" என்றார். அதே இனம்தான். 1850களில் இங்கிலாந்திலிருந்து புரூக்ளினுக்குக் கொண்டுவந்து விட்டது.

பெயர் தெரிந்ததில் வேறொரு பயனும் உண்டு. ஜனவரியில் ஒரு ஃபிஞ்ச் கண் வீங்கி, பக்கத்தில் போனாலும் பறக்காமல் உட்கார்ந்திருந்தது. பெயரை வைத்துத் தேடியதில் விஷயம் புரிந்தது. 1994 முதல் ஹவுஸ் ஃபிஞ்ச்களிடையே பரவிவரும் பாக்டீரியா கண்நோய் அது. பார்வை போனால் இரை தேட முடியாது. ஃபீடரில் நெருக்கியடித்து உட்காரும்போது மற்றவற்றுக்கும் தொற்றும். அன்றே ஃபீடரை இறக்கினோம். ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்து கழுவி, நன்றாகக் காயவைத்தோம். சில வாரம் கழித்துத்தான் மறுபடி மாட்டினோம். "பசிக்குமேப்பா" என்று மகள் அழுதாள். பறவைகள் வேறு இடத்தில் தேடிக்கொள்ளும் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ நினைவூட்டுவது அவள்தான்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாட்கள் 'கிரேட் பேக்யார்டு பேர்ட் கவுண்ட்' நடக்கிறது. எந்த நாட்டில் இருந்தாலும் சேரலாம். பதினைந்து நிமிடம் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணில் பட்டதை எண்ணிப் பதிவு செய்தால் போதும். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஊரில் இருக்கிற தாத்தா பாட்டியையும் அதே நாளில் எண்ணச் சொல்லுங்கள். சிட்டுக்குருவி இரண்டு பட்டியலிலும் இருக்க வாய்ப்பு உண்டு.