வளரும் பிள்ளைக்கு எதை, எப்போது சொல்வது? ஹெப்பாள் பெற்றோருக்கான சந்தேகங்களும் விளக்கங்களும்

மைசூரு ஹெப்பாளில் ஒரு பக்கம் இன்ஃபோசிஸ் வளாகம், இன்னொரு பக்கம் தொழிற்பேட்டை. அப்பா ஷிஃப்டுக்கும் அம்மா வேலைக்கும் போய்விட, பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கைப்பேசியே துணையாகிவிடும் வீடுகள் இங்கே உண்டு. உடல், மனம், நட்பு, பாதுகாப்பு ஆகியவற்றைப் பள்ளியிலேயே பாடமாக நடத்தும் பேச்சு கர்நாடகத்தில் மீண்டும் எழுந்திருக்கிறது. 8 முதல் 12-ஆம் வகுப்பு வரை இது வரும் என்று பள்ளிக் கல்வி அமைச்சர் மது பங்காரப்பா 2025-இல் அறிவித்தார். இதையொட்டிப் பெற்றோருக்கு வரும் சந்தேகங்கள் சிலவற்றுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

இது பாலியல் கல்விக்கு வைத்த வேறு பெயர்தானே?

இல்லை. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் மத்திய அரசு 2020 பிப்ரவரியில் வெளியிட்ட பள்ளி நலப் பாடத்திட்டத்தில் மொத்தம் 11 தலைப்புகள். மனநலம், பிறரோடு பழகும் முறை, ஆண்-பெண் சமத்துவம், சத்துணவு, போதைப் பழக்கம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு, இணையத்தைக் கவனமாகப் பயன்படுத்துதல் எல்லாம் அதில் அடக்கம். இனப்பெருக்க நலமும் எச்.ஐ.வி. தடுப்பும் சேர்ந்து ஒரே ஒரு தலைப்புதான். அதைக் கண்டு அஞ்சி மற்ற பத்தையும் தள்ளிவைத்தால் நஷ்டம் பிள்ளைகளுக்கே.

முன்பு கர்நாடகமே இதை வேண்டாம் என்றதே?

உண்மைதான். 2005-இல் வந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-இல் நிறுத்திவைத்த மாநிலங்களில் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசத்தோடு கர்நாடகமும் ஒன்று. படங்கள் எல்லை மீறுகின்றன என்பது அன்றைய எதிர்ப்பு. 2009-இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பள்ளியில் பாலியல் கல்வி கூடாது என்றே சொன்னது. எந்த வயதுக்கு எந்தப் படம் என்று கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்காகப் படத்தைத் திருத்தியிருக்க வேண்டும். பாடத்தையே மூடியிருக்கக் கூடாது. 2006-இல் 'உடான்' என்ற பெயரில் இதைத் தொடங்கிய ஜார்க்கண்ட், மற்ற மாநிலங்கள் பின்வாங்கியபோதும் கைவிடவில்லை.

சொல்லிக் கொடுப்பதே தூண்டிவிட்டது போல் ஆகாதா?

ஆகாது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துத்தான் யுனெஸ்கோ 2018-இல் தன் வழிகாட்டி நூலைத் திருத்தி வெளியிட்டது. இத்தகைய கல்வி பிள்ளைகளை முன்கூட்டியே பாலுறவில் ஈடுபட வைப்பதில்லை என்பது அதன் முடிவு.

8-ஆம் வகுப்பில் தொடங்கினால் போதுமா?

போதாது. இந்த இடத்தில் அரசு தன் திட்டத்தை மாற்றியே ஆக வேண்டும். பெண் பிள்ளைகள் பலர் ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே வயதுக்கு வந்துவிடுகிறார்கள்; சிலர் ஐந்திலேயே. ஒன்றும் தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் சிறுமியின் பாவாடையில் கறை. பின்பெஞ்சில் சிரிப்பு. தோழி தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டிவிட, அழுதுகொண்டே வீடு போகிறாள். இவளுக்கு எட்டாம் வகுப்பில் மாதவிடாய் பற்றிப் பாடம் நடத்தி என்ன பயன்? அரசுப் பள்ளி மாணவியருக்கு இலவச நாப்கின் தரும் 'ஷுசி' திட்டம் இருக்கிறது. அது எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கம் அதற்கு முன்பே அவளுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆண் பிள்ளைகளையும் அதே வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். குரல் உடைவதும் தூக்கத்தில் விந்து வெளியாவதும் நோயல்ல என்று அவர்களுக்குச் சொல்ல வீட்டில் அநேகமாக யாரும் இல்லை.

எனவே திட்டத்தை ஒன்றாம் வகுப்பிலிருந்தே போட வேண்டும். முதல் மூன்று வகுப்புகளில் உடலுறுப்புகளின் பெயர்களும் உள்ளாடை மறைக்கும் இடங்களை யாரும் தொடக் கூடாது என்பதும் போதும். மீறித் தொட்டால் 'வேண்டாம்' என்று உரக்கச் சொல்வது, அங்கிருந்து ஓடுவது, நம்பிக்கையான பெரியவரிடம் சொல்வது, இவ்வளவுதான் பாடம். நான்கிலும் ஐந்திலும் பருவ மாற்றம். ஆறு முதல் எட்டு வரை நட்பு, ஈர்ப்பு, கேலி, படம் கேட்டு மிரட்டும் அந்நியர். ஒன்பது, பத்தில் சட்டம், எச்.ஐ.வி., திருமண வயது. திருமண வயது ஏன் என்று கேட்பவர்களுக்கு: ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி கர்நாடகத்தில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 21.3 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்காமல் இளம் வயதிலேயே இக்கல்வி தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2025 அக்டோபரில் கூறியிருக்கிறது.

சின்னப் பிள்ளைகளிடம் 'தொடுதல்' பற்றிப் பேசுவது அவசியமா?

மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளாகியிருந்தார்கள். அப்படிச் சொன்னவர்களிலும் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள்.

வகுப்பை யார் நடத்துவார்கள்? எங்கள் டீச்சரே கூச்சப்படுகிறாரே?

பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், முடிந்தவரை ஓர் ஆண், ஒரு பெண் என்பது மத்திய திட்டம். வாரம் ஒரு மணி வீதம் 24 வாரம். கூச்சம் பயிற்சியால்தான் போகும். ஹெப்பாள்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தென்மாநில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மண்டலக் கல்வியியல் நிறுவனம் 1963 முதல் மைசூரிலேயே, மானசகங்கோத்ரியில் இருக்கிறது.

வகுப்பில் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் பிள்ளைகளுக்குக் கேள்விப் பெட்டி உதவும். மூடியில் துளையிட்ட செருப்புப் பெட்டி ஒன்று போதும். எல்லோருக்கும் ஒரே அளவில் துண்டுத்தாள், பெயர் கிடையாது. கேள்வி இல்லாதவர்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்றாவது எழுதிப் போட வேண்டும். அப்போதுதான் யார் எழுதினார், யார் எழுதவில்லை என்பது தெரியாது. அந்தச் சீட்டுகளை வைத்து அடுத்த வாரப் பாடத்தைத் தயாரிக்கும் ஆசிரியர், அச்சிட்ட புத்தகத்தை மட்டும் நம்புகிறவரைவிட நன்றாக நடத்துவார் என்பது என் உறுதியான எண்ணம்.

பிள்ளை ஏதாவது கொடுமையைச் சொல்லிவிட்டால்?

'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று ஆசிரியர் வாக்குக் கொடுக்கக் கூடாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் உள்ளவர் தம் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. பிள்ளைகளே அழைக்க 1098 என்ற எண் இருக்கிறது. அதை வகுப்புச் சுவரில் எழுதி வையுங்கள்.

பெற்றோரைக் கேட்காமலே நடத்திவிடுவார்களா?

கேட்க வைப்பது உங்கள் கையில். 2020 செப்டம்பரில் இதைக் கட்டாயமாக்கிய இங்கிலாந்தில், பாலியல் பகுதியிலிருந்து மட்டும் பிள்ளையை விலக்கக் கோரும் உரிமை பெற்றோருக்கு உண்டு. உறவுகள் பற்றிய பகுதியிலிருந்து விலக்க முடியாது. நம் அரசுப் பள்ளிகளில் எஸ்.டி.எம்.சி. என்னும் பள்ளி வளர்ச்சி, மேற்பார்வைக் குழு இருக்கிறது. ஆண்டின் முதல் கூட்டத்திலேயே பயிற்சி பெற்ற இரு ஆசிரியர்கள் யார், எந்த மாதம் எந்த வகுப்புக்கு எந்தப் பாடம் என்று கேளுங்கள். பாடத் தாள்களையும் படங்களையும் காட்டச் சொல்லுங்கள். பள்ளியில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கேட்டதை வீட்டில் தமிழில் பேசும் பிள்ளை உங்களிடம்தான் வந்து கேட்கும். அந்தத் தாளை நீங்களும் முன்னதாகப் படித்திருந்தால் பதில் சொல்ல முடியும்.