ஜியோபோனில் வாட்ஸ்அப் ஏன் ஏறமாட்டேங்குது?

போடியிலிருந்து விடிகாலையில் கிளம்பும் ஜீப்புகள், 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி போடிமெட்டு வழியாக பூப்பாறைப் பக்க ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. அதில் போகிறவர்கள் கையில் பட்டன் வைத்த ஜியோபோனைப் பார்த்திருப்பீர்கள். 'நாளைக்கு எந்தத் தோட்டம், எத்தனை மணிக்கு ஜீப்பு' என்பதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் வரும் காலம் இது. அந்த போனில் வாட்ஸ்அப் ஓடவில்லை என்றால் "போன் கெட்டுப்போச்சு, சரி பண்ணிக் குடு தம்பி" என்று கடையில் நீட்டுவார்கள்.

போன் கெடவில்லை. வாட்ஸ்அப்தான் கதவைச் சாத்திவிட்டது.

2017 ஜூலையில் 1,500 ரூபாய் டெபாசிட்டுக்கு அறிவிக்கப்பட்ட ஜியோபோனில் இருப்பது ஆண்ட்ராய்டு அல்ல, கைஓஎஸ். மொசில்லா கைவிட்ட பயர்பாக்ஸ் ஓஎஸ்ஸிலிருந்து வளர்ந்த சிஸ்டம் அது. 2018 செப்டம்பரில் அதற்கென்றே தனியாக ஒரு வாட்ஸ்அப் வந்தது. 2024 ஜூன் 25 முதல் புதிதாக டவுன்லோடு செய்வதை நிறுத்தினார்கள். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கும் 2025 தொடக்கத்தோடு சரி.

'அப்போ ஏபிகே ஃபைலை ஏத்திட்டா?' ஏறாது. ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு மட்டுமே புரிந்துகொள்ளும் பொட்டலம். கைஓஎஸ் செயலிகளோ உள்ளுக்குள் வெப்சைட் மாதிரி எழுதப்பட்டவை. அவையும் ஜியோ ஸ்டோர் வழியாகத்தான் வரணும். 'ஜியோபோனுக்குப் புது வாட்ஸ்அப்' என்று லிங்க் அனுப்புகிறவர்களிடம் நம்பரையும் ஓடிபியையும் கொடுத்தால், செயலி வராது, கணக்குதான் போகும்.

வழி இல்லாமலில்லை. வாட்ஸ்அப் கணக்கு ஒட்டியிருப்பது நம்பரில்தான், போனில் அல்ல. சிம்மை ஜியோபோனிலேயே விட்டுவிட்டு, வீட்டில் கிடக்கும் ஆண்ட்ராய்டு போனில் அதே நம்பரைப் போட்டால், ஓடிபி ஜியோபோனுக்கு எஸ்எம்எஸ்ஸாக வரும். நெட்டுக்கு வைஃபையோ இன்னொருவர் ஹாட்ஸ்பாட்டோ போதும். சிம்மைக் கழற்றி மாற்றினால் ஜியோபோனுக்கான மலிவு ரீசார்ஜ் அந்த போனில் செல்லாது, அதைக் கவனியுங்கள். பழைய சாட் தானாக வராது. 120 நாளுக்கு மேல் இணையாமல் கிடந்த கணக்கைப் பொதுவாக நீக்கிவிடுவார்கள். அப்போது அட்மினைப் பிடித்து மறுபடி குரூப்பில் சேரணும்.

பணம் அனுப்ப ஸ்மார்ட்போன்தான் வேண்டும் என்றில்லை. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்த 'யுபிஐ 123பே' மூலம், பட்டன் போனிலிருந்தே கால் பண்ணி அனுப்பலாம். ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை.

அம்மாவுக்கோ மாமாவுக்கோ செகண்ட் ஹேண்ட் போன் வாங்கிக் கொடுக்கப் போகிறீர்களா? கேமராவை அப்புறம் பாருங்கள். முதலில் செட்டிங்ஸில் 'அபௌட் போன்' திறந்து ஆண்ட்ராய்டு வெர்ஷனைப் பாருங்கள். 2023 அக்டோபரிலேயே 5.0-க்குக் கீழே இருந்த போன்களை வாட்ஸ்அப் கழற்றிவிட்டது. அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் போன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அடுத்து கழற்றிவிடப்படுவது அதுதான்.