பொதுவுடைமைக் கொள்கையும் தமிழ் இதழியலும்

ஓர் அரசியற் கொள்கை இதழ்களைப் பற்றும் வழி இரண்டு. ஆட்சியைக் கைக்கொண்டு, அதன் ஆணையால் இதழ்களை நடத்துதல் ஒன்று. ஆட்சியின்றியே எழுதுவோர் உள்ளத்தையும் அவர் வழங்கும் சொல்லையும் பற்றுதல் மற்றொன்று. முன்னதற்குப் போலந்து நாடும், பின்னதற்குத் தமிழகமும் தக்க சான்றுகளாம். இவ்விரண்டையும் ஒப்பநோக்கி, தமிழ் இதழ்களில் பொதுவுடைமைக் கொள்கை விளைத்த பயனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போலந்து காட்டும் நிலை

இரண்டாம் உலகப் போரின் பின் போலந்தில் ஆட்சி பொதுவுடைமையர் கைப்பட்டது. 1946இல் நிறுவப்பெற்ற தணிக்கைத் தலைமை அலுவலகம் 1990 வரை நிலைபெற்றது. நாளேடு, நூல், நாடகம் யாவும் அதன் இசைவு பெற்றே மக்கள்முன் வரல் வேண்டும். 1948 முதல் கட்சியின் நாளேடாகிய 'திரிபூனா லூது' ஏனையவற்றிற்கு வழிகாட்டியாயிற்று. 1956ஆம் ஆண்டின் நெகிழ்ச்சிக் காலத்தில் இளைஞர் குரலாய் ஒலித்த 'போ புரொஸ்து' என்னும் கிழமை இதழ் 1957இல் மூடப்பட்டது. வார்சா மாணவர் தெருவில் திரண்டு கிளர்ந்தனர். 1977இல் தணிக்கையாளர் ஒருவரே தம் அலுவலகத்தின் மறைவான அறிவுரைகளைச் சுவீடனுக்கு எடுத்துச் சென்றார். எவற்றை எழுதலாகாது என்பதுடன், எவர் பெயரைச் சொல்லலாகாது என்பதும் அவற்றில் வரையறுக்கப்பட்டிருந்தமை உலகிற்குப் புலனாயிற்று.

தமிழகத்தின் நிலை

தமிழகத்திலோ நிலை இதற்கு மறுதலை. ஈண்டுப் பொதுவுடைமையர் ஒருபோதும் ஆட்சி அமைத்திலர். அவர்தம் இதழ்கள் தணிக்கை செய்தன அல்ல, தடைக்கு உட்பட்டனவே.

1923இல் சென்னையில் மே நாள் கொண்டாடிய ம. சிங்காரவேலர், 'தொழிலாளன்' என்னும் தமிழ் இதழை நடத்தினார். அடுத்த ஆண்டே கான்பூர்ச் சதி வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. பின்னர் அவர் கட்டுரைகள் பெரியாரின் 'குடி அரசு' இதழில் வெளிவந்தன. மார்க்சு, எங்கெல்சு ஆகியோரின் அறிக்கை 1931இல் அவ்விதழிலேயே தமிழில் வெளிவந்தது. 1933இல் எழுதிய தலையங்கம் ஒன்றிற்காகப் பெரியாரும், இதழின் வெளியீட்டாளராகிய அவர் தங்கை கண்ணம்மாளும் சிறைப்பட்டனர். கட்சி சாராத இதழே இக்கொள்கைக்கு முதற்கண் பரந்த களம் அமைத்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

1937இல் ப. ஜீவானந்தம் 'ஜனசக்தி'யைத் தொடங்கினார். கட்சி மீதிருந்த தடை 1942இல் நீங்கியது. விடுதலைக்குப் பின், 1949இல் சென்னை மாநில அரசு மீண்டும் கட்சியைத் தடைசெய்தது. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் ஆங்கில இதழ் இம்மாநிலத்துள் நுழைதலை 1950 மார்ச்சில் அரசு தடுத்தது. அவ்விதழின் ஆசிரியர் ரமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில், அத்தடை செல்லாது என உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு மே திங்களிலேயே தீர்ப்பளித்தது. பொது ஒழுங்கு காத்தல் என்னும் காரணம் பேச்சுரிமையைப் பறிக்க அன்றைய அரசியல் சட்டத்தில் இடம்பெற்றிலது என்பதே தீர்ப்பின் சாரம். இதன் விளைவாக 1951இல் முதற் சட்டத்திருத்தம் வந்தது. பொது ஒழுங்கு என்னும் காரணம் அதனால் சட்டத்துட் புகுந்தது. இந்திய இதழுரிமையின் எல்லை வரையறைக்குப் பொதுவுடைமை சார்ந்த இதழொன்று சென்னையிற் பெற்ற தடை காரணமாயிற்று என்பது இதழியல் வரலாறு எழுதுவோர் மறத்தற்குரியதன்று.

சொல்லும் இலக்கியமும்

ஆணை செலுத்தும் ஆற்றல் இல்லாத கொள்கை, சொல்லின் வழியே பரவுதல் இயல்பு. 'தோழன்', 'தோழி' என்பன அகப்பாடல்களில் பயின்ற தொன்மைச் சொற்கள். 1932இல் சோவியத்துச் செலவினின்று மீண்ட பெரியார், மதிப்பு அடைமொழிகளுக்கு ஈடாகத் 'தோழர்' என வழங்குமாறு வேண்டினார். பழஞ்சொல் புதிய சமன்மைப் பொருள் பெற்றது. சுரண்டுதல் என்பது பொருளைத் தேய்த்து எடுக்கும் செயலைக் குறித்தது. 'சுரண்டல்' என்பதோ பிறர் உழைப்பின் பயனைக் கவர்தலைக் குறிக்கலாயிற்று. முதல் உடையானைக் குறித்த 'முதலாளி' ஒரு வகுப்பின் பெயராயிற்று. தொடக்கத்தில் வழங்கிய 'சமதர்மம்', 'அபேதவாதம்' என்பவற்றினும் 'பொதுவுடைமை' என்னும் தமிழ்த்தொடர் நிலைபெற்றது. இச்சொற்களை இன்று அக்கொள்கையின் பகைவரும் தயங்காது ஆள்கின்றனர். இதனினும் பெரிய வெற்றி ஓர் இதழுக்கு வேறில்லை.

இலக்கியத்திலும் இவ்வாறே. தொ. மு. சி. ரகுநாதன் 1954இல் 'சாந்தி'யையும், வ. விஜயபாஸ்கரன் 1955இல் 'சரஸ்வதி'யையும் தொடங்கினர். இவை கட்சியின் ஏடுகள் அல்ல. எனினும் கொள்கையின் சார்பு உடையன. ஜெயகாந்தன், சுந்தர ராமசாமி முதலியோர் எழுத்துகளுக்குச் 'சரஸ்வதி' இடமளித்தது. 1959இல் ஜீவானந்தம் 'தாமரை'யைத் தொடங்கினார். கம்பனையும் பாரதியையும் மேடைதோறும் போற்றிய அவர், மரபைத் துறவாத முற்போக்கு நெறியை விரும்பினார்.

குறையும் உளது

நிறை மட்டும் கூறுதல் ஆய்வாகாது. சோவியத்து நாடு 1941இல் தாக்கப்பட்டபின், கட்சி போரை 'மக்கள் போர்' எனக் கொண்டது. அதன் இதழ்களும் அவ்வழியே சென்றன. நாட்டு மக்கள் வெள்ளையனை வெளியேறச் சொன்ன காலத்தில் அவ்விதழ்கள் வேறு குரல் எழுப்ப நேர்ந்தது. 1964இல் கட்சி பிளவுற்றபோது இதழ்களும் பிரிந்து நின்றன: 'ஜனசக்தி'யும் 'தாமரை'யும் ஒருபால், 'தீக்கதிர்', 1970இல் தோன்றிய 'செம்மலர்' ஆகியன மறுபால். தணிக்கையாளர் இல்லாவிடத்தும் கட்சிக் கட்டுப்பாடு எழுதுகோலை வரையறுக்கும் என்பது இவற்றால் பெறப்படும்.

முடிவுரை

போலந்தில் ஆணையாற் காக்கப்பட்ட 'திரிபூனா லூது' அவ்வாணை ஒழிந்த 1990இல் தானும் ஒழிந்தது. தமிழகத்தில் தடையேற்று வளர்ந்த இதழ்களின் சொற்கள் பொதுவழக்கிற் கலந்து நிற்கின்றன. ஆதலின் இவ்விதழ்களை ஆராயப் புகுவோர் இரண்டைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். தடைக்காலத்து இடைவெளியைக் கருத்தின்மையாகக் கொள்ளலாகாது. கட்சி ஏட்டையும் சார்பு ஏட்டையும் ஒன்றெனக் கொள்ளலும் ஆகாது. இவ்வேறுபாடு உணர்ந்து ஆராயின், இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடை வரலாற்றில் விடுபட்ட பகுதி ஒன்று நிறைவுறும்.